கண்வலிப் பூ

எங்கள் அம்மாவுக்குச் செடி வளர்க்கவே தெரியாது என்றுதான் சிம்மக்கல் காம்பவுண்டில் இருந்த ஐந்து வீட்டுக்காரர்களும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாசலில் எல்லாம் மல்லிகையும் கனகாம்பரமும் பூத்துக் கிடக்கும். எங்கள் வாசலில் பழைய பெயிண்ட் வாளிகள் ஒன்பது இருக்கும். ஒன்பதிலும் வெறும் மண். கிழங்கு உள்ளே உறங்குகிறது என்பாள் அம்மா. வருடத்தில் பெரும்பகுதி உறங்கிவிட்டு, மே மாதத்தில் ஒரு வாரம் எழுந்து பந்து மாதிரி சிவப்பாக ஒரு பூவைக் காட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும் சோம்பேறிக் கிழங்குகள். அவற்றை எங்கெங்கிருந்தோ கூரியரில் வரவழைத்து, ஆரப்பாளையம் கூரியர் ஆபீஸ் வரை பஸ்ஸில் போய் வாங்கி வருவாள்.

"ஊரே செடிக்குத் தண்ணி ஊத்துது, ஒங்கம்மா மண்ணுக்கு ஊத்துறா" என்பார் அப்பா. அந்த வாளிகளில் கால் இடறாமல் அவர் வேலைக்குப் போன நாளே கிடையாது. எனக்கும் எரிச்சல்தான். தோழிகள் வந்து இதெல்லாம் என்ன என்று கேட்டால் ‘மண்’ என்று சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப் போய்விடுவேன்.

ஒன்பதில் ஒன்று செங்காந்தள். கலப்பை போல வளைந்த கிழங்கு. இரண்டு வருடம் வெறும் கொடியாக வந்து, இலை நுனியால் ஜன்னல் கம்பியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பூக்காமலே காய்ந்துபோனது. நான் ஏழாவது படித்த வருடம், ஐப்பசி மழையில் ஒரு மொட்டு விட்டது. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பிறகு நெருப்பாகச் சிவந்தது. அம்மா கையில் டீ டம்ளரோடு அதன் முன்னால் நின்றபடியே இருந்தாள். டீ ஆறிப்போனது. இன்னும் ஐந்து மொட்டுகள் இருந்தன. பார்த்ததோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வீடு வீடாகப் போய் வாங்க, வந்து பாருங்க என்று காம்பவுண்டையே அழைத்துவந்து காட்டினாள்.

அந்தப் பூவுக்கு எங்கள் பக்கத்தில் கண்வலிப் பூ என்று ஒரு பெயர் உண்டு. அதை அவள் யோசித்திருக்க வேண்டும்.

அதே வாரம் எங்களுக்குக் கணக்குப் பரீட்சை. என் பக்கத்தில் உட்காரும் தோழியைக் கண் சிவந்திருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்வலி வந்தால் பரீட்சைக்கே லீவு. அவள் கிளம்பும்போது அவளுடைய கைக்குட்டையைக் கேட்டு வாங்கி, வலது கண்ணில் ஒரு தேய்ப்பு, இடது கண்ணில் ஒரு தேய்ப்பு, பாரபட்சமில்லாமல் தேய்த்துக்கொண்டேன். இரண்டாம் நாள் காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

காம்பவுண்டுக்கு ஒரே குழாய், ஒரே வாளி, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே விளையாட்டு. நான்கே நாளில் ஐந்து வீட்டுக்கும் கண்வலி வந்துவிட்டது. மூன்றாம் வீட்டுத் தாத்தாவுக்குக் குறித்திருந்த கண் ஆபரேஷன் தள்ளிப்போனது. கடைசி வீட்டு அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவர். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தும் ஒரு சவாரி ஏறவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் சிவந்த கண்களோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் ஓனரம்மா.

"பாத்தாலே கண்ணு வலிக்கும்னுதானம்மா அதுக்கு அந்தப் பேரே வச்சிருக்காக. நீ என்னடான்னா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டியிருக்க!"

"இது நம்ம ஸ்டேட்டோட பூவும்மா. புஸ்தகத்துலயே போட்டிருக்கு. கிழங்கத் தின்னாத்தான் வெசம். பாத்தா ஒண்ணும் பண்ணாது."

"ஸ்டேட்டுக்குக் கண்ணுவலி வந்தா ஸ்டேட்டு பாத்துக்கிரட்டும். என் காம்பவுண்டுக்குல்ல வந்திருக்கு!"

ஆட்டோ அண்ணன் மெதுவாகத்தான் பேசினார். "எம்புட்டு நாளைக்குக்கா வண்டிய நிப்பாட்டிப் போடுறது? யார் செஞ்ச வேலையோ, பிள்ளைகளுக்குப் பால் வாங்கக்கூட வழியில்ல."

அம்மா கிருமி என்றாள், மழைக்காலம் என்றாள், ஊரெல்லாம் இருக்கிறது என்றாள். யார் கேட்டார்கள்? பூவைப் பார்க்காத ஒருத்தருக்காவது வந்திருக்கிறதா என்று ஓனரம்மா கேட்டாள். அம்மாதான் ஒருத்தர் விடாமல் காட்டிவிட்டாளே! பிடுங்க மாட்டேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாளைச் சாயங்காலத்துக்குள் செடி போக வேண்டும், இல்லை என்றால் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓனரம்மா போனாள். "அந்தச் சனியனப் புடுங்கி எறிஞ்சுதான் தொலையேன்" என்றார் அப்பா. நான் கண்ணில் துண்டை வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அம்மா மார்க்கெட்டுக்குப் போனாள். திரும்பி வந்ததும் பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. கொடியை அறுத்துப் போட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்துக் கிழங்கை எடுத்தாள். இலை காய்ந்து உதிரும்வரை கிழங்கைத் தொடக் கூடாது, பூக்கிற நேரத்தில் எடுத்தால் அடுத்த வருடத்துக் கிழங்கு முற்றாமல் செத்துப்போகும் என்று எனக்கே நூறு தடவை சொன்னவள் அவள். அரையும் குறையுமாகக் கையில் வந்த கிழங்கைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டாள். குழாயடியில் ஒரு குடத்துக்காக ஓனரம்மாவோடு மல்லுக்கு நிற்கிறவள், அன்று அவளிடமே போய், "எடுத்துட்டேம்மா, என் தப்புத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

போன வருடம் பசுமலையில் அந்தத் தோழிக்குக் கல்யாணம். பந்தியில் அவளுடைய அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "கைக்குட்டைய வாங்கித் தேச்ச பிள்ளைதான நீ? அன்னைக்கே மார்க்கெட்டுல வச்சு ஒங்கம்மாட்டச் சொன்னேன். யாருட்டயும் சொல்லிராதீகன்னு எங்கையப் பிடிச்சுக்கிட்டாக பாவம்" என்றார்.

கிழங்கைக் குப்பையில் போட்ட அன்று சாயங்காலம் எனக்குச் சொட்டு மருந்து விட அம்மா என் தலையைத் தன் மடியில் சாய்த்தாள். அவள் விரலில் இன்னும் மண் வாசனை இருந்தது. "ஓனரம்மான்னா ஒனக்கு இம்புட்டுப் பயமாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாடி, பயந்தான். கண்ண நல்லாத் தொற" என்றாள்.

இப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளி அம்மா எனக்கு வாய்த்தாளே என்று அவள் மேல் அன்று முழுக்க எனக்குக் கோபம்.