எனக்குக் கிடைத்த வினைச்சொல்

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது எங்கள் இங்கிலீஷ் டீச்சர் ஒரு சாக்பீஸ் டப்பாவில் சீட்டுகளைப் போட்டு வைத்திருப்பார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வினைச்சொல் இருக்கும். புதன்கிழமை ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதற்கு அர்த்தமும் சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுதிக்கொண்டு வர வேண்டும். "உங்க வீட்டுல நடந்ததை எழுதணும். கைடைப் பாத்து எழுதினா முட்டி போட வைப்பேன்" என்பார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு 'ஈட்' வந்தது. அவள் வீட்டில் தினமும் நடப்பதுதானே, பிழைத்தாள். எனக்கு வந்தது 'ரெசிஸ்ட்'. மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. எனக்கு எதற்குமே அப்போது வாய் வராது. இப்போதும் அதிகம் வருவதில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். கன்னிவாடியிலிருந்து மாமாக்கள் இரண்டு பேரும் வாடகைக் காரில் நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கே வந்து, அம்மாவைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். முந்தின வருஷம் தாத்தா இறந்திருந்தார். மலையடிவாரத்தில் அவருக்குக் கிணற்றோடு கொஞ்சம் நிலம். தகப்பன் இறந்தபிறகு அண்ணன் தம்பிகள் கட்டிக்கொடுத்த பெண்ணை அழைத்துப் போய், ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்து, வயிறாரச் சாப்பாடு போட்டு, சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் தெருவிலேயே நான்கைந்து பெண்கள் அப்படிப் போட்டுவிட்டு வந்து, சேலையை எல்லோருக்கும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அம்மாவின் சேலை அரக்கு நிறம். காரில் என் மடியில்தான் இருந்தது.

சின்ன மாமா காலேஜ் வாசல்வரை போனவர். வண்டியில் நான் மெல்ல, "மாமா, ரெசிஸ்ட்னா என்ன?" என்று கேட்டேன்.

"போலீசு புடிக்க வந்தா திருடன் திமிறுவான்ல, அது. அடங்க மாட்டேன்னு நிக்கிறது."

"வீட்டுல நடந்ததா எழுதணுமாம் மாமா."

மாமா சிரித்தார். "உங்கம்மாவ வச்சு எழுத முடியாதுத்தா. அது வாயில்லாப் பூச்சி. உங்க பெரிய மாமன வச்சு எழுது. கண்டக்டர்கிட்ட மீதிச் சில்லறைக்கு நாலு ஊரு தாண்டி மல்லுக்கட்டுவாரு."

முன்சீட்டில் இருந்த பெரிய மாமாவும் சிரித்தார். அம்மா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

பத்திர ஆபீசுக்கு வெளியே வேப்பமரத்தடியில், மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் பத்திரம் எழுதுகிறவர். எல்லாம் எழுதித் தயாராக இருந்தது. வழக்கப்படி ஒருதடவை வாசித்துக் காட்டினார். ராகம் போட்டு, வேகமாக. 'எனது பாகத்துக்கு உரியதைப் பெற்றுக்கொண்டபடியால், பிறர் தூண்டுதல் இன்றி, மனப்பூர்வமாய்' என்று போனது. முடித்துவிட்டு அம்மாவிடம் பேனாவைக் கொடுத்தார். அம்மா வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். பிறகு மறுபடி மூடி, பேப்பர்மேல் வைத்தாள்.

"என்னாத்தா, மை வரலையா?" என்றார் பெரிய மாமா.

"நான் எதையும் வாங்கலையேண்ணே. வாங்கினதா எழுதியிருக்கு."

"அது எல்லாப் பத்திரத்துலயும் வர்ற வாசகம்தாம்மா" என்றார் எழுதுகிறவர்.

"மனப்பூர்வமான்னும் இருக்கு. எனக்கு மனசு இல்லண்ணே."

முதலில் யாரும் நம்பவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தார்கள். பிறகு சின்ன மாமாவுக்குக் குரல் ஏறியது.

"ஏக்கா, மாமா சொல்லிக் குடுத்து அனுப்புனாரா?" என்று அப்பாவை இழுத்தார்.

"அவருக்கு இது தெரியாது தம்பி."

"ஊரு சிரிக்கும்க்கா. கூடப்பொறந்தவனுககிட்டப் பங்கு கேட்டவன்னு காறித் துப்பும்."

"துப்பட்டும்."

"எங்க வீட்டு வாசப்படிய மிதிச்சிருவியா இனிமே?"

அம்மா பேனாவை எழுதுகிறவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பெரிய மாமா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பெஞ்சில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன்னத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சேன் தாயி" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"திட்டுங்கண்ணே. எம்புட்டு வேணாலும் திட்டுங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைகள வச்சிருக்கேன். கையெழுத்து மட்டும் போட மாட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை. கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"ஸ்டாம்பு பேப்பர் வீணாப் போகுமேம்மா" என்றார் எழுதுகிறவர், கடைசி முயற்சியாக.

"போகட்டும்ணே."

பதினொரு மணிக்குத் தொடங்கியது மூன்று மணிவரை நடந்தது. நடுவில் எனக்குப் புரோட்டா வாங்கி வந்தார்கள். அம்மா தொடவில்லை. நான் மூன்று தின்றேன். தின்றுகொண்டே, இவள் ஏன் இப்படிச் செய்கிறாள், ஒரு கையெழுத்தைப் போட்டுத் தொலைத்தால் மாமா வீட்டுக்குப் போய்க் கிணற்றில் கால் நனைக்கலாமே என்று மனசுக்குள் கரித்துக் கொட்டினேன். பத்திரம் எழுதுகிறவர் தாள்களை மடித்துக் கட்டியதும், மாமாக்கள் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார்கள். அம்மா என் மடியிலிருந்த சேலையை எடுத்துப் பின்சீட்டில் வைத்துவிட்டு வந்தாள். நாங்கள் பஸ் ஏறினோம்.

வீட்டில் அப்பா விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கலாம்ல?" என்றார். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.

வெள்ளிக்கிழமை நான் கைடிலிருந்து, சிப்பாய்கள் எதிரியை எதிர்த்து நின்றார்கள் என்ற வாக்கியத்தை எழுதிக் கொண்டுபோனேன். டீச்சருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது.

"உங்க வீட்டுல சிப்பாய் இருக்காங்களா?"

"இல்ல டீச்சர்."

"வீட்டுல யாருமே எதையும் எதிர்த்து நின்னதில்லையா?"

நான் யோசித்துத்தான் பார்த்தேன். யாரும் திமிறவில்லை. கத்தியதெல்லாம் சின்ன மாமா. அழுதது அம்மா.

"இல்ல டீச்சர்" என்றேன். முட்டி போட்டேன்.

தைப்பொங்கல் வந்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு முந்தின நாள் பெரிய மாமா அரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, கரும்போடு சீர் கொண்டு வருவார். அந்த வருஷம் மாமாவின் பண்ணையாள் மட்டும் வந்து வாசலிலேயே நின்றார். "கையெழுத்துப் போடுறதா சொன்னா நாளைக்குக் காலையில சீரோட வாரேன்னு அண்ணன் சொல்லச் சொன்னாருத்தா" என்றார்.

அம்மா அவருக்குச் சொம்பில் மோர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"அண்ணன வெறுங்கையோட வரச் சொல்லுங்க. அது போதும். பேப்பரோட வர வேணாம்."

பொங்கலன்று விடியுமுன் எழுந்து வாசலில் வழக்கத்தைவிடப் பெரிய கோலமாகப் போட்டாள். நான்கு பேர் இருக்கும் வீட்டில் எட்டுப் பேருக்கு உலை வைத்தாள். பெரிய மாமாவுக்குப் பிடிக்கும் என்று மொச்சைக் குழம்பு வைத்தாள். தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மூன்று மணிக்கு எங்களைச் சாப்பிட உட்காரச் சொன்னாள். யாரும் வரவில்லை.

"நீதானே வேணாம்னு சண்டை போட்ட? அப்புறம் எதுக்கு அம்புட்டுச் சோறு ஆக்குன?" என்று கேட்டேன்.

அம்மா என் இலையில் இன்னொரு கரண்டி மொச்சைக் குழம்பை ஊற்றினாள். செய்தது தப்பு என்று அவளுக்கு உறைத்துவிட்டது, அடுத்த பொங்கலுக்குள் எப்படியும் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிட்டேன்.