நாலாவது கட்டம்

வேன் வந்து காரை இடித்ததும் சொலான்ஜ் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டுப் பயணிகளான பெல்ஜியத்துத் தம்பதிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாள் லீவாவின் மடியிலிருந்த ஆட்டுப்பால் சீஸ் மட்டும் கீழே விழுந்திருந்தது. அதன் பிறகுதான் இறங்கினாள். வலது பின்கதவு உள்ளே போயிருந்தது.

வேனிலிருந்து இறங்கியவன் எர்வே. ஒயின் நிலவறைக்காரன், ஊரின் துணை மேயர், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"வலது பக்கத்துலேர்ந்து வர்றவனுக்குத்தான் முதல் வழி. வண்டி ஓட்டிப் பொழைக்கறவளுக்கு இதுகூட மறந்துபோச்சா?" என்றான்.

"மண் பாதைலேர்ந்து வர்றவன்தான் நின்னு பாத்து வரணும். உனக்கு லைசென்ஸ் குடுத்தவன் சொல்லலையா?"

"மண்ணா? குனிஞ்சு பாரு."

பார்த்தாள். தார். மூன்று நாளாக அவள் பயணிகளை ஆன்ஜே பக்கம் ஓட்டிப் போயிருந்தாள். அதற்குள் போட்டிருக்கிறார்கள். சாலையிலிருந்து கிளம்பி எர்வேயின் நிலவறைக் கதவுவரை கறுப்பாக ஓடி, அங்கே கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. அதற்கு அப்பால் பழைய சேறு. சேற்றின் முடிவில் அவள் அப்பாவின் வீடு.

சொலான்ஜ் பத்தொன்பது வயதில் காளான் வளர்க்கும் குகைகளின் வேனை ஓட்டத் தொடங்கியவள். பிறகு பதினோரு வருஷம் பள்ளிப் பேருந்து. இப்போது ஒன்பது வருஷமாகச் சொமூருக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கோட்டை, பாலம், லுவார் ஆற்றுத் தீவுகள், பாறையைக் குடைந்த வீடுகள் என்று சுற்றுகிறாள். கோட்டையின் கதையைப் பாலத்தில் தொடங்கி இந்த வளைவில் முடிப்பாள். அன்றும் முடித்துக்கொண்டிருந்தாள். வேகத்தைக் குறைக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் இங்கே குறைத்ததில்லை.

பிப்ரவரியில் பாலத்தடியில் ஒரு கம்பத்தை உரசிவிட்டாள். தன் தவறென்று எழுதிக்கொடுத்தாள். ஒரே வருஷத்தில் இரண்டாவது தவறு என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது கம்பெனியின் விதி. ஐம்பத்தேழு வயதில் வேறு யாரும் அவள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கப்போவதில்லை.

எர்வே தன் வண்டியிலிருந்து, காப்பீட்டுக்காக இருவரும் நிரப்பவேண்டிய விபத்துத் தாளை எடுத்து வந்து அவள் காரின் முன்மூடி மேல் விரித்தான். நீலப் பக்கம் உனக்கு, மஞ்சள் பக்கம் எனக்கு, நடுவில் கட்டங்கள். யார் எந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது.

"முதல் வழி விடலைன்னு போடு. ரெண்டு நிமிஷ வேலை" என்றான்.

"என் அப்பா கடைசியா இந்தப் பாதைல எப்படிப் போனாருன்னு ஞாபகம் இருக்காடா?"

"அதை எதுக்கு இப்ப இழுக்கற?"

"சமையல்கட்டு நாற்காலில உக்கார வெச்சு நாலு பேர் தூக்கிட்டுப் போனோம். ஆம்புலன்ஸ் சேத்துல மாட்டிக்கிச்சு. அதுக்கு முன்னாடி மூணு கடுதாசி போட்டேன், சரளைக்கல்லாவது கொட்டுங்கன்னு. தனியார் பாதை, ஊர்ப் பணத்தைப் போட முடியாதுன்னு பதில் வந்துது. கீழ யார் கையெழுத்து?"

எர்வே பேனாவின் மூடியைத் திருகினான். "அப்ப சட்டம் அப்படி இருந்துது."

"சட்டம் மாறல. உன் நிலவறைக்கு லாரி வர ஆரம்பிச்சுது."

பாதையோரம் ஆளுயரத்துக்குப் பூச்செடிகள் நின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு பலகை: தனியார் பாதை, நுழையாதீர். சொலான்ஜ் அதை இப்போதுதான் கவனித்தாள்.

"இது யார் வெச்சது?"

"நான்தான். டூரிஸ்டுங்க வண்டிய நிறுத்திட்டுப் போயிடறாங்க. அதெல்லாம் இதுல சேராது."

லீவா காரிலிருந்து இறங்கி வந்தாள். "மன்னிக்கணும் சார், பூவைப் படம் எடுத்துக்கலாமா?" என்று எர்வேயிடம் கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் எடுத்துவிட்டாள். பூ, பலகை, தார், வேன், எர்வே. பிறகு சொலான்ஜிடம், "நல்லா வந்திருக்கு மேடம். உங்களுக்கு அனுப்பறேன்" என்றாள்.

சொலான்ஜ் தாளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லு. தனியார் பாதைன்னா உன் பக்கம் நாலாவது கட்டம். தனியார் இடத்துலேர்ந்து வெளிய வந்தேன்னு போடு. ஊர்ப் பாதைன்னா அந்தப் பலகையப் பிடுங்கிக் குடு. நாளைக்கே மேயர் மேஜைல வெக்கறேன். ஊர்ப் பணத்துல தார் போட்டுட்டு ஊர்க்காரங்கள உள்ள வராதன்னு சொல்றது யாருன்னு கேக்கறேன். வர்ற மார்ச்சுத் தேர்தல்ல அந்த நாற்காலிக்கு நிக்கப்போறியாமே."

"மிரட்டறியா?"

"ஆமா."

அவன் சாலையை இருபுறமும் பார்த்தான். யாரும் வரவில்லை. நாலாவது கட்டத்தில் குறி போட்டு, தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்திட்டான்.

"உங்க அப்பாவும் இப்படித்தான். வாய்" என்றான்.

அவளும் கையெழுத்திட்டுத் தன் பிரதியைக் கிழித்து எடுத்துக்கொண்டாள். ஓரம் கோணலாகக் கிழிந்தது.

மறுநாள் காலை முதலாளி தாளைப் படித்துவிட்டு வேறொரு காரின் சாவியைக் கொடுத்தார். பத்து மணிக்கு அவள் பெல்ஜியத்துத் தம்பதியை மடாலயத்துக்கு அழைத்துப் போனாள். வளைவில் பலகை இல்லை. அது இருந்த இரண்டு குழிகளையும் சிமென்ட் போட்டு மூடியிருந்தார்கள். பலகை இல்லையென்றால் இது ஊர்ப் பாதை. அவள் காரை நிறுத்தி வலது பக்கம் பார்த்தாள். யாரும் வரவில்லை. இரவு மழை பெய்திருந்ததால் நிலவறைக் கதவுக்கு அப்பால் தண்ணீர் தேங்கியிருந்தது. பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்தது. கிளம்பினாள்.