சீட்டில் எழுதிய ஓடை

என் வீட்டுக்காரர் தோகுஷின் யாரையும் நம்பமாட்டார். பக்கத்து வீட்டார் கொடுத்த டோஃபுவைப் பூனை தின்று அரை மணி நேரம் உயிரோடு இருந்தால்தான் அவர் வாயில் வைப்பார். ஜப்பானின் தெற்குக் கடலில் இருக்கும் எங்கள் குமே தீவு முழுக்க இது தெரியும்.

அதனால், கரும்பு வெட்டு முடிந்த சமயத்தில் கனாமோரி என்ற பல்கலைக்கழகத்துப் பெண் ஓடைப்பாம்பைத் தேடி வந்தபோது, அவர் என்ன சொல்வார் என்று எனக்கு முன்பே தெரியும்.

"எங்க ஓடையிலயா? பாம்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீங்க கிளம்புங்க."

அவள் போனதும் என்னிடம் பொரிந்தார். "பாம்பு இருக்குன்னு சொன்னா ஓடையைச் சுத்தி வேலி போட்டுருவாங்கடி. சேம்பு வயலுக்குத் தண்ணி எங்கேருந்து வரும்?"

அந்த வயல் போருக்குப் பிறகு அவர் கல் பொறுக்கி உண்டாக்கியது. எங்களுக்கு வேறு நிலம் கிடையாது. எனக்கும் அவள்மேல் சந்தேகம்தான். மழையில்லாத நாளிலும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுத் திரிகிறவளை எப்படி நம்புவது?

மறுவாரம் வாய்க்கால் வலையில் சிக்கிய சருகை அள்ளப் போனேன். ஏதோ நெளிந்தது.

"நாகமுன்!" என்று அலறினேன்.

நீளமானது என்றுதான் அர்த்தம். விஷப்பாம்பான ஹாபுவின் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. நெளிவது எதுவானாலும் எங்களுக்கு நாகமுன்தான். கண் பார்ப்பதற்குள் மண்வெட்டி இறங்கிவிடும். அன்றும் இறங்கியது.

அவர் ஓடிவந்து குனிந்து பார்த்தார். விரல் தடிமன், சின்னத் தலை, கரிய முதுகில் மஞ்சள் புள்ளிகள்.

"அடிப்பாவி, இது அது இல்லடி. தண்ணியை விட்டு வெளியவே வராது. நண்டைத் தின்னுட்டுக் கிடக்கும், பாவம்."

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷமா தெரியும்."

முப்பது வருஷம் என்னிடம்கூட மூச்சு விடவில்லை மனுஷன்! எனக்கு ஆத்திரமாக வந்தது.

கொடுத்துவிட்டால் போய்த் தொலைவாள் என்று அதை இலையில் சுற்றிக் கனாமோரியிடம் கொண்டுபோனார். மலைக்கு அந்தப்பக்கத்து ஓடையில் கிடைத்ததாகச் சொன்னார். அவள் செதில்களை வரிசை வரிசையாக எண்ணினாள்.

"முதல்ல இதை வேற கூட்டத்துல சேத்து வச்சிருந்தாங்க ஐயா. செதிலைப் பாத்துதான் மாத்தினாங்க. இதோட சொந்தமெல்லாம் கடலுக்கு அந்தப்பக்கம், சீனாவுல மலை ஓடையில இருக்கு." பாம்பின் வாலில் ஒரு சீட்டைக் கட்டி அந்தப்பக்கத்து ஓடையின் பெயரை எழுதினாள். "இனி அந்த ஓடையில யாரும் கை வைக்க முடியாது. தீவுக்கு ஒரு அணை கட்டப் போறாங்க, அதை உங்க ஓடையில கட்டிக்கலாம்னு எழுதிடறேன். அங்கதான் ஒண்ணும் இல்லையே."

இவர் முகம் செத்துவிட்டது. அணை வந்தால் வயல் தண்ணீருக்குள் போய்விடும்.

"அம்மா, நான் சொன்னது பொய். அது எங்க ஓடையிலதான் கிடைச்சது."

கனாமோரி பேனாவை மூடினாள். "அணைன்னதும் பேச்சு மாறுது. நான் எதை நம்பறது? சீட்டுல இருக்கற இடம் பொய்யானா பாம்பும் ஆராய்ச்சிக்கு வீண். சனிக்கிழமை கப்பல் ஏறிடுவேன்."

வாழ்நாளெல்லாம் ஊரைச் சந்தேகப்பட்ட மனுஷர் இப்போது தன்னை நம்பச் சொல்லிக் கெஞ்சினார்.

இன்னொரு பாம்பைத் தேடி மூன்று நாள் ஓடையில் கல் கல்லாகப் புரட்டினோம். வெள்ளிக்கிழமை காலை என் காலடியில் ஒரு கரிய வால் கல்லுக்கடியில் போனது. வாய்வரை வந்த நாகமுன்னை விழுங்கிவிட்டு, கையை ஆட்டி அவரைக் கூப்பிட்டேன்.

"பிடிங்களேன்!"

"பிடிச்சுக் கொண்டுபோனா நம்பமாட்டா. நானா இருந்தாலும் நம்பமாட்டேன். போய்க் கூட்டிட்டு வா. நான் இங்கேயே நிக்கறேன்."

நான் கனாமோரியை இழுத்துவரும்வரை அவர் முழங்காலளவு தண்ணீரில் அசையாமல் நின்றிருந்தார். அவள் தானே குனிந்து கல்லைத் தூக்கினாள். பாம்பு அங்கேயே சுருண்டு கிடந்தது. கல்லைப் பழையபடி வைத்தாள். பிறகு, அறைக்குத் திரும்பியதும், பாம்பின் வாலிலிருந்த பழைய சீட்டைக் கிழித்துப் புதிதாக எங்கள் ஓடையின் பெயரை எழுதினாள்.

"அணை இனி இங்க வராது, வயல் தண்ணியையும் யாரும் தடுக்கமாட்டாங்க. பிடிச்சவர் பேர் போடணும் ஐயா."

"நாபேன்னு போடுங்க," என்று என்னைக் காட்டினார். "அடிச்சது அவதானே."

அவள் அப்படியே எழுதிவிட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.