கூட்டிய இடத்தைக் கூட்டியவர்கள்

இன்று காலை எங்கள் பிளாக்கில், மகன் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே, பத்துப் பேர் புதுத் துடைப்பத்தோடு போட்டோவுக்கு நின்றார்கள். புதுத் துடைப்பத்துக்கு ஒரு பச்சை வாசம் உண்டு, நீங்களும் முகர்ந்திருப்பீர்கள். வேலை பார்த்த துடைப்பத்தில் அது இருக்காது. எனக்குச் சிங்கப்பூர் ஞாபகம் வந்துவிட்டது.

மகள் அங்கே பிள்ளை பெற்றிருந்த சமயம் போயிருந்தேன். நான் மைன்ஸில் காண்ட்ராக்டில், கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளிப் போட்டவன். சும்மா உட்கார்ந்தால் கை நமநமக்கும். அவர்கள் அடுக்குமாடி பிளாக்கைக் கூட்டுகிறவன் ஏழுமலை, எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குள்ளஞ்சாவடிக்காரன். அந்தச் சீமையில் ஒருவன் 'வூடு' என்று சொல்லக் கேட்டால் பெற்ற மகளே மறந்துபோகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து சுத்தம் செய்கிற தொண்டு நாள். மகள் எனக்கும் ஒரு மஞ்சள் பனியனை மாட்டிவிட்டாள். கீழே போனால் தரை பளிச்சென்று இருக்கிறது. ஏழுமலை விடியுமுன்னே கூட்டி முடித்திருந்தான்.

"எங்க அண்ணன் இன்னிக்கி ஒரேடியா ஊருக்குப் போறாருங்க. ரெண்டு பேரும் இங்கியே இருந்துகினு, லீவு ஒத்துவராம மூஞ்சியே பாக்கல. ஏர்போர்ட்டுக்கு ஓடணும்" என்றான்.

குடியிருப்போர் கமிட்டித் தலைவர் வந்தார். அவரும் தமிழர்தான். கையுறைக்குள் மோதிரம் புடைத்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா, எல்லாத்தையும் நீயே கூட்டிட்டா வர்றவங்க எதைக் கூட்டுவாங்க? அந்தக் குப்பை மூட்டையக் கொஞ்சம் கொட்டிவிடு. முடிஞ்சதும் மிச்சத்த அள்ளிட்டுப் போ."

ஏழுமலை என்னைப் பார்த்தான். பிறகு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினான். எத்தனை ஷிப்ட் பார்த்திருக்கிறேன்! அள்ளிய கரியைத் திரும்பக் கொட்டி விழா எடுக்க எந்த ஃபோர்மேனுக்கும் தோன்றியதில்லை. அதற்கெல்லாம் படித்திருக்க வேண்டும்போல.

வந்தவர்கள் இடுக்கியால் ஆளுக்கு நாலு இலை பொறுக்கினார்கள். போட்டோ சரியாக விழவில்லை என்று ஓர் அம்மாள் பொறுக்கிய இலையைக் கீழே போட்டு மறுபடி பொறுக்கினாள். அப்புறம் வடை, காபி. காகிதக் கப்புகளும் இலையோடு சேர்ந்துகொண்டன.

நான் ஏழுமலை கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினேன். "நீ ஓடுறா, நான் பாத்துக்கறேன்."

"ஐயா, போட்டோ முடிஞ்சுது. அதைக் கீழ வச்சிட்டு வடை சாப்பிடுங்க" என்றார் தலைவர்.

"அப்பா, மானத்த வாங்காத" என்றாள் மகள். வடைக்கு முன்னே கூட்டினால் தொண்டு, வடைக்குப் பின்னே கூட்டினால் மானக்கேடு. நான் கூட்டினேன்.

சாயந்திரம் ஏழுமலை வந்தான். "கண்ணாடிக்கு அந்தாண்ட போயிட்டாருங்க. முதுகு தெரிஞ்சுது. தட்டுனேன், திரும்பல." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அடுத்த வாரம் அவனை வேறு பிளாக்குக்கு மாற்றிவிட்டார்கள். லிஃப்ட் பக்கத்தில் போட்டோ தொங்கியது. அதில் நானும் இருந்தேன், மஞ்சள் பனியனில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

ஊர் திரும்பி வெகுநாள் கழித்து ஒருமுறை குள்ளஞ்சாவடியில் இறங்கினேன். அந்த அண்ணனிடம், தம்பி எதனால் பிந்தினான் என்று ஒரு வார்த்தை சொல்லலாமே என்று. ரோட்டோரம் புளியமரம், அதற்குப் பின்னால் வீடு என்று ஏழுமலை அடையாளம் சொல்லியிருந்தான். ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். மரமும் இல்லை, அந்த வீட்டு வரிசையும் இல்லை.

"அவங்கள்லாம் எங்கியோ பூட்டாங்க, பெரியவரே" என்றார் டீக்கடைக்காரர்.