மாதா தேருக்கு மைக் கட்டினவன்

அடுத்தவங்க பேசுறதப் பெருசாக்கிக் குடுக்கறதுதான் மைக்செட் தொழிலு. நாம வாயத் தொறந்தா ஆர்டர் போயிரும். ஆம்ப்ளிஃபையர் தூக்கித் தோள் எறங்கிப்போன கூட்டாளிங்களே, ஒங்களுக்கு இத நான் சொல்லணுமா?

அம்மன் வந்த வருசம்

புவனகிரி பக்கம் எங்க ஊரு. நான் தெற்குத் தெரு, வேதக்காரன். எங்க சர்ச்சுல மாதா தேர் வருசா வருசம் எல்லாத் தெருவும் போவும். எங்க தெரு முனைக்கு வந்ததும் திரும்பிடும். சாதிதான் காரணம். முனை வரைக்கும் நானே மைக் கட்டிட்டு, அங்க நின்னு கும்புட்டுக்குவேன். அப்ப வயித்தெரிச்சலா இருக்கும்.

ஒரு ஆடி மாசம், தாசில்தார் ஆபீஸ்ல பேசி முடிச்சி, அதுவரைக்கும் எங்க தெருப்பக்கம் வராத மாரியம்மன் உள்ள வந்துச்சி. அதுக்கும் நான்தான் மைக். கோயில் தர்மகர்த்தா எங்கிட்ட வந்து மெதுவா கேட்டாரு: "ஏம்பா அந்தோணி, எங்க அம்மன் வந்துட்டா. ஒங்க மாதா எப்ப வருவாங்க?"

கரண்டு கம்பி

சாதின்னு யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல. தேரு ஏன் உள்ள வரலன்னு கேட்டா, சர்ச் விழாக் கமிட்டித் தலைவர் சவரிமுத்து எப்பவும் ஒரே பதிலுதான் சொல்லுவாரு. கரண்டு கம்பி தாழ்வா தொங்குது, மாதா கிரீடம் முட்டுமாம். ஊர்ல பாதிக் கல்யாணம் அவரு கைகாட்டுற மைக்செட்டுக்குத்தான். நான் வாயத் தொறப்பனா?

எலெக்‌ஷன் வந்துச்சி. திறந்த வேன்ல ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரு, எங்க தெருவுல கம்பிக்குப் பயந்து குனிஞ்சிக்கிட்டே கும்புட்டாரு. ஜெயிச்சதும் ஆளனுப்பி உசரமான போஸ்டு நட்டுட்டாரு. அந்தாளு தனக்காகத்தான் செஞ்சாரு, இருந்தாலும் நல்லா இருக்கட்டும். லைன்மேன் கீழ எறங்கி, கைய ஒதறிக்கிட்டு எங்கிட்ட சொன்னாரு: "இனிமே இந்தத் தெருவுல யானைமேல ஏறிக்கூட வரலாம்."

வால்யூம்

புது ஃபாதர் வந்தாரு. கமிட்டிக்காரங்க மட்டும் பேசிக்கிட்டிருந்த விழாக் கூட்டத்துல, யாரு வேணும்னாலும் பேசலாம்னுட்டாரு. எங்க அக்கா பொண்ணு ஜெனிபர், அண்ணாமலை நகர்ல எம்.ஏ. படிக்கிறவ, எழுந்து மைக்க வாங்கிட்டா.

சவரிமுத்து என்னப் பாத்துக் கையாலயே சைகை காட்டுனாரு, சவுண்டக் கொறைன்னு. இவரப் பகைச்சிக்கிட்டா என் வூட்டுல அடுப்பு எரியாது. அவ மொகத்தப் பாத்தேன். வர்றது வரட்டும்னு ஏத்தி வுட்டேன். சர்ச்சு முழுக்கக் கேட்டுச்சி: "தலைவரே, கம்பியத்தான் தூக்கிட்டாங்களே. இப்ப என்ன காரணம் சொல்லப்போறீங்க?"

அடுத்த திருவிழாவுக்குத் தேரு எங்க தெருவுக்கும் வரும்னு ஃபாதர் அறிவிச்சாரு. அன்னிலேருந்து சவரிமுத்து கிட்டேருந்து எனக்கு ஒரு போனும் இல்ல.

தேர் நாளு

வந்துச்சிங்க தேரு. எங்க வூட்டு வாசல்லயே நின்னுச்சி. எம்பொண்டாட்டி ரெஜினா மெழுகுவத்தியப் புடிச்சிக்கிட்டு அழுதா, நானும் அழுதேன். தர்மகர்த்தா, வேட்பாளரு, ஃபாதரு, ஜெனிபரு, ஒவ்வொருத்தரா நெனச்சி மாதாகிட்ட நன்றி சொன்னேன்.

தலையத் தூக்குனா, தேருக்குப் பின்னால சவரிமுத்து. முனையோட நின்னுடுவாருன்னுதான் நெனச்சேன், உள்ளயே வந்துட்டாரு. ரெஜினா தண்ணி குடுத்தா. வாங்கிக் குடிச்சிட்டு, எங்கிட்ட வந்தாரு: "தை மாசம் எம்பொண்ணுக்குக் கல்யாணம், நீதான் மைக்கு. ஆனா சவுண்ட மட்டும் கொஞ்சம் கொறச்சி வைடா."

கோயிலு, ஓட்டு, படிப்பு எல்லாம் சேந்து தள்ளித்தான் மாதா அந்த ஒரு முனையத் தாண்டுனாங்க. என் பங்குக்கு நான் திருகுனது ஒரே ஒரு பட்டன்தான்.