அணில் உடுப்புக்குள் என் மகள்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். என் கணவரின் கேமராவில் பதிந்திருக்கும் கடைசிக் காட்சியின் நேரம் அது. குற்றாலம் அருவிக்கரையில், பிள்ளைகளுக்கு நடுவே எங்கள் மலையணில் நின்று வாலை ஆட்டுகிறது. பின்னால் விழும் தண்ணீர் வெள்ளையாக இல்லை. டீ நிறத்தில் இருக்கிறது. அப்போது அதை நாங்கள் கவனிக்கவில்லை. அணிலுக்குள் இருந்தது எங்கள் ஒரே மகள்.

அந்த அணில் வந்த வழியைச் சொன்னால்தான் அந்த நாள் புரியும். தென்காசியில் எங்கள் ஸ்டுடியோ, கல்யாண வீடியோ எடுக்கும் ஒற்றை அறையாகத் தொடங்கியது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கேமரா சும்மா கிடக்கும். சும்மா இருக்கத் தெரியாத என் கணவர் ஓர் ஆடியில், இரண்டு வயது மகளுக்கு அட்டையில் காது வெட்டி ஒட்டி, அவள் கொய்யாப்பழம் கொறிப்பதைப் படம் பிடித்து உள்ளூர் கேபிளில் போடக் கொடுத்தார். மறுநாள் கடைத்தெருவில் பிள்ளைகள் அவள் பின்னாலேயே வந்தார்கள். அன்றிலிருந்து ஆடிக்கு ஆடி ஏதாவது ஒன்று புதிதாகச் செய்வது வீட்டு வழக்கமாகிவிட்டது. ஓர் ஆடியில் பழைய மெத்தைகளைச் சுவரில் அடித்துக் குரல் பதியும் அறை செய்தோம். இன்னோர் ஆடியில் இணையத்தில் சேனல் தொடங்கினோம். பேசாமலே சிரிக்க வைக்கும் அணிலாக மகள் அதில் வளர்ந்தாள்.

ஒரு நாள், வளைகுடாவில் வேலை பார்ப்பவர் ஒருவர் விடுமுறைக்குக் கடையநல்லூர் வந்தபோது, மகனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். "அணிலு இங்கனதான் இருக்காம்லா. பாக்காம ஊருக்குத் திரும்ப மாட்டேங்கான்" என்றார். சுடிதாரில் வந்து நின்ற என் மகளைப் பார்த்து அந்தப் பையன் ஏங்கி ஏங்கி அழுதான். அந்த அழுகைக்குப் பிறகுதான் தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு வந்தது. உள்ளே கனமான ஸ்பாஞ்ச், மேலே செம்பட்டை ரோமத் துணி, கம்பி வைத்த நீண்ட வால். அணிலின் வாயில் வைத்த வலை வழியாகத்தான் அவள் வெளியே பார்க்க முடியும். பிள்ளைகள் முன்னால் பேசக் கூடாது, தலையைக் கழற்றக் கூடாது என்று என் கணவர் விதி வைத்தார். யாராவது இழுத்தாலும் தலை வராதபடி பின்கழுத்தில் நான்கு கொக்கி. உள்ளே இருப்பவளால் அவற்றை எட்ட முடியாது. தைத்தது நான்தான்.

இந்த ஆடியில் அணிலை முதன்முறையாக வெளியே கொண்டுபோனோம். சீசன் கூட்டம். பெண்கள் குளிக்கும் பக்கம் வரிசை நீளமாக இருந்ததால், அம்மாக்கள் பலர் பிள்ளைகளை அணிலிடம் விட்டுவிட்டுப் போய் நின்றார்கள். எனக்கு அதிலேயே மனசு ஒப்பவில்லை. "பாறை வழுக்கும், அவளை மேல கூப்பிடுங்க" என்றேன் கணவரிடம். "ஏட்டி, உன் பயத்தை மூட்டை கட்டி வீட்டுல வச்சிட்டு வந்திருக்கலாம்லா" என்றார்.

போலீஸ் விசில் அடித்தது. திடீர் வெள்ளம், குளிக்கும் இடத்துக்கு மேலே உள்ள பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டியது. சத்தம் காதை அடைத்தது. கூட்டம் மொத்தமாக மேலே ஓடிவந்து எங்களையும் தள்ளிக்கொண்டுபோய்க் கடைகளுக்கு முன்னால் விட்டது. அணிலைக் காணவில்லை. அவள் போன் என் பையில். ஸ்பாஞ்ச் தண்ணீர் குடித்தால் எவ்வளவு கனக்கும் என்பது, அதைத் துவைத்துப் போடுகிற எனக்குத் தெரியும்.

"இங்கன நிக்காதீங்க அண்ணாச்சி, மேல போங்க" என்றார் ஒரு போலீஸ்காரர்.

"உள்ள எம் பிள்ளை நிக்கா சார்."

"என்ன உடுத்தியிருந்தா?"

"அணிலு" என்றார் என் கணவர். "வாலு இருக்கும் சார்."

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. கீழே ஓடினார்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. அப்போது, நனைந்த கூடையோடு மேலே ஏறிவந்த பழக்காரப் பெண் ஒருத்தி என் கணவர் கையிலிருந்த கேமராவைப் பார்த்து நின்றாள்.

"அணிலு ஒங்களுதாக்கா? அது பேசிச்சு தெரியுமா?"

"என்ன பேசிச்சு?"

"'எல்லாரும் என் வாலைப் பிடிங்க, விடப்பிடாது'ன்னு ஒரே சத்தம். பெரியவங்க நாங்களே ஆளுக்கொரு பக்கம் சிதறுதோம், அந்தச் சின்னதுக அழாம வரிசையா வருதுக்கா. சுத்துப்பாதையில ஏறிட்டு இருக்கு."

நான் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இருட்டினால் மாடிப்படி ஏற என்னைத் துணைக்குக் கூப்பிடுகிற பெண் அவள். வலை வழியாக அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? எதிரே ஒரு முழம் பாறை தெரிந்திருக்கலாம். பின்னால் எத்தனை பிள்ளைகள் என்றுகூடத் தெரிந்திருக்காது. வால் இழுபடுவதை வைத்துத்தான் நடந்திருப்பாள். நான் பெற்றதுதானா இது என்று இருந்தது.

முதலில் ரோமக் காது தெரிந்தது. பிறகு சேறு வழியும் உடம்பு. பின்னால் வாலைப் பிடித்தபடி பிள்ளைகள், கடைசியில் அந்தப் போலீஸ்காரர். அம்மாக்கள் பாய்ந்து ஆளுக்கொரு பிள்ளையை வாரிக்கொண்டார்கள். அத்தனை பேர் பார்க்க, முழங்கால் போட்டு அமர்ந்திருந்த அணிலின் பின்கழுத்தில் என் கணவர் கை வைத்தார். மூன்று கொக்கி கழன்றது. நான்காவதை நான் பிய்த்தேன். தலையைத் தூக்கியபோது எந்தப் பிள்ளையும் அழவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. நான் மகளின் முகத்தைப் பிடிக்கப் போனேன். அவள் விலக்கினாள்.

"யம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. இவ அம்மாவைத்தான் இன்னும் காணல. எங்கனயோ நின்னு அழுதுட்டு இருப்பாங்க. முதல்ல போயி அவங்களைத் தேடு."