கம்பனி நடத்திய குடும்ப நாள்

என் கணவர் பார்சல் வான் ஓட்டுகிறார். காலையில் பிறம்ரனில் உள்ள ஒரு பெரிய கிடங்கில் வானை நிரப்பிக்கொண்டு புறப்பட்டு, பெட்டிகளை வாசல் வாசலாக வைத்துவிட்டு வருவது அவருடைய வேலை. நாங்கள் இருப்பது ஸ்ரௌவ்வில்லில். கிடங்குக்கும் வீட்டுக்கும் நடுவில் ரொறன்ரோ முழுவதும் கிடக்கிறது. வீடு வாங்கியபோது வீடு விற்ற முகவர் அந்தத் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலறைக் கல்லைத் தடவிக் காட்டினார். பின்வளவைக் காட்டி, "அண்ணை, சமருக்கு இதிலை கதிரையைப் போட்டு இருந்தியள் எண்டால் எழும்பவே மாட்டியள்" என்றார். கதிரைகள் வாங்கினோம். அவை இருக்கின்றன. அண்ணை இன்னும் அவற்றில் இருக்கவில்லை.

கோடையில் அவரை ஓரளவு காணலாம். குளிர் தொடங்கிவிட்டால் அவர் எங்களோடுதான் வசிக்கிறார் என்பதற்குத் தடயங்கள் மட்டுமே கிடைக்கும். கழுவுதொட்டிக்குள் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. சூடு வரும் துவாரத்துக்கு மேல் விரித்துப் போட்ட கையுறை. வாசலில், பனி உருகத் தெருவில் கொட்டும் உப்பு படிந்து வெளுத்த சப்பாத்து. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் எங்கள் ஒரே மகள் காலையில் படியிறங்கி வந்து அவற்றைப் பார்த்துவிட்டு, "ஓகே, அப்பா கேம் ஹோம்" என்று அறிவிப்பாள்.

நத்தார்ப் பண்டிகை நெருங்கும்போது இந்த ஊர் மக்கள் ஒருவரையொருவர் நேசிக்கத் தொடங்குவார்கள். அந்த நேசத்தைப் பெட்டியில் போட்டு என் கணவரிடம் கொடுத்துவிடுவார்கள். தை மாதம் பிறந்ததும் அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று அதே நேசத்தைத் திருப்பி அனுப்புவார்கள். அதற்கும் அவர்தான் போகவேண்டும். பனி அடித்துக் கொட்டும் நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓடாது. அவசியமில்லாமல் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டாம் என்று வானொலியில் கெஞ்சுவார்கள். நல்ல குடிமக்கள் வெளிக்கிட மாட்டார்கள். சோபாவில் சாய்ந்தபடி நாய்க்குக் கம்பளிச் சட்டை ஓர்டர் பண்ணுவார்கள். நாய்க்குக் குளிரக்கூடாது என்பதற்காக என் கணவர் பனிக்குள் நிற்பார்.

அப்படியான ஒரு தை மாதத்தில்தான் கம்பனியிலிருந்து அழைப்பு வந்தது. சாரதிகளின் குடும்பத்தாருக்கு நன்றி சொல்வதற்காகக் கிடங்கிலேயே ஒரு குடும்ப நாள். சனிக்கிழமை காலை, சாப்பாட்டுடன். 'உங்கள் குடும்பமே எங்கள் குடும்பம்' என்று மேலே போட்டிருந்தது. அவர் வாசித்துவிட்டு, "நல்லது தானே, நீரும் பிள்ளையும் வந்தால் நானும் உங்களை ஒருக்காப் பாக்கலாம்" என்றார். பகிடியாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

சனிக்கிழமை நான் சேலை உடுத்தினேன். சேலைக்குள் பனிச் சப்பாத்து. மகள் தலையில் கை வைத்தாள்.

"அம்மா, இட்ஸ் எ வெயர்ஹவுஸ்!"

"சாப்பாட்டோடை பங்சன் எண்டு போட்டிருக்கு. பங்சனுக்கு நான் ஜீன்ஸோடை வரமாட்டன்."

விடியவே எழும்பிச் சுட்ட ரோல்ஸையும் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் கொட்டிய பனி நெடுஞ்சாலையின் இரு பக்கமும் சுவர்போல நின்றது. லொறிகள் அடிக்கும் சேற்றுத் தண்ணீரில் முன்கண்ணாடி மறைய மறைய, அதைத் துடைத்துத் துடைத்துப் போய்ச் சேர்ந்தோம்.

கிடங்கின் ஒரு மூலையில் பலூன்கள் கட்டியிருந்தார்கள். மறுபக்கம் வான்கள் இயந்திரம் நிற்காமல் வரிசையாக நின்றன. செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஆண்கள் ஓடி ஓடிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதிலொருவர் எங்களைக் கண்டு கிட்ட வந்தார். என் கணவர்தான்.

"நீங்கள் என்ன இன்னும் ஏத்திக்கொண்டு நிக்கிறியள்?"

"நேற்றையான் சாமான் அப்பிடியே தேங்கிப்போச்சு. எல்லாருக்கும் ரூட் குடுத்திட்டாங்கள். நான் வெளிக்கிட வேணும்."

"குடும்ப நாள் எண்டெல்லோ கூப்பிட்டவை?"

"அதைத்தான் நானும் கேட்டனான். அது குடும்பத்துக்குத்தானாம். டிரைவருக்கு இல்லையாம்."

வெள்ளித்தாளில் சுற்றியிருந்த ரோல்ஸில் இரண்டை அவருடைய மேலங்கிப் பைக்குள் திணித்தேன். இரண்டு அடி போனவர் திரும்பி, "சேலை வடிவாயிருக்கு" என்றார். பிறகு வான்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. மனைவிமாரும் பிள்ளைகளும் பலூன்களுக்குக் கீழே நின்று, போருக்கு அனுப்பி வைப்பதுபோலக் கை அசைத்தோம். பெரிய கதவு இறங்கி மூடிக்கொண்டது. அதன் பிறகு எங்களை வரவேற்றார்கள்.

மனேஜர் பேசினார். சாரதிகளில் தானும் ஒருவன் என்று காட்டுவதற்காகக் கோட்டுக்கு மேல் ஒரு செம்மஞ்சள் மேலங்கி போட்டிருந்தார். அதில் மடிப்புக்கூடக் கலையவில்லை. வேலையும் வீடும் ஒரு தராசின் இரண்டு தட்டுகள், இரண்டும் சமமாக நிற்பதைக் கம்பனி தன் கடமையாக நினைக்கிறது என்று உருக்கமாகச் சொன்னார். ஒரு தட்டிலிருந்தவர்கள் முழுப்பேரும் சற்று முன்னர்தான் வானில் ஏறிப் போயிருந்தார்கள். மற்றத் தட்டில் இருந்த நாங்கள் கைதட்டினோம்.

எனக்குப் பக்கத்தில் மட்டக்களப்புப் பெண் ஒருத்தி, நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளே ஆன ஆண் குழந்தையுடன் இருந்தாள். அவளுடைய கணவரும் இங்கேதான் ஓட்டுகிறார். குழந்தை எழும்ப முன் தகப்பன் போய்விடுவார், தூங்கின பிறகுதான் வருவார். நடுவில் போனில் முகம் காட்டுவார். அப்போதும் அந்த மேலங்கியோடுதான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே குழந்தை அவளுடைய மடியிலிருந்து வழுகி இறங்கித் தத்தித் தத்தி முன்னே போனது. மனேஜரின் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அப்பா!" என்றது.

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பொருள் தெரியாத மனேஜரும் சிரித்தார். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டார். படம் எடுக்க வந்தவர் ஓடி வந்து படம் எடுத்தார். அந்தப் படம் பின்னர் பெரிதாக்கப்பட்டுக் கிடங்கின் வாசலில் தொங்கியது என்று என் கணவர் சொன்னார். குழந்தையை வாங்கப் போன தாயும் சிரித்துக்கொண்டுதான் போனாள். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

"மேலங்கியப் பாத்துத்தான் கூப்பிடுறான் அக்கா. மூஞ்சியப் பாத்தில்ல" என்றாள்.

அடுத்ததாக, பிள்ளைகள் கேள்வி கேட்கலாம் என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள். ஒரு சிறுமி, வானுக்குப் பெயர் இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு சிறுவன் இன்னொரு பீட்சா கேட்டான். பிறகு என் மகள் எழுந்தாள். வீட்டில் எதற்கும் தோளைக் குலுக்குகிறவள் அவள். அழகான ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அப்பா எந்தத் தெருவில் நிற்கிறார், இன்னும் எத்தனை வீடு தள்ளி வருகிறார் என்று உங்கள் போன் அப் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுகிறதே, அதை எங்களுக்கும் தர முடியுமா? நாங்களும் அவருக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறோம்."

பிறகு பின்வரிசையில் ஒரு பஞ்சாபித் தாய் கைதட்டினாள். அவளைத் தொடர்ந்து மற்றத் தாய்மாரும் தட்டினார்கள். இது மனேஜருக்குத் தட்டிய தட்டு அல்ல என்று மனேஜருக்கும் விளங்கியது. அருமையான யோசனை, தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பி வைக்கிறேன் என்றார். அது போதவில்லை என்று கண்டு, இந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு நாளை ஞாயிறு முழு நாளும் விடுமுறை, இது என்னுடைய அன்பளிப்பு என்று அறிவித்தார். ஊரில் எல்லோருக்கும் தன் பாட்டில் வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்குப் பரிசாகத் தந்ததற்கு நானும் எழும்பி நின்று நன்றி சொன்னேன்.

நான் திரும்ப இருந்ததும் மட்டக்களப்புப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "உங்கட புள்ளைக்குக் கேக்கத் தெரியும், கிடைச்சிற்று. எண்ட புள்ளைக்கு இன்னும் கதைக்கத் தெரியாதே."

மீதி ரோல்ஸை அவளிடம் கொடுத்தேன்.

ஞாயிறு காலை மகளிடம் பெரிய திட்டங்கள் இருந்தன. பனிச்சறுக்கு, படம், வெளியில் சாப்பாடு. அவர் தூங்கினார். நாங்கள் இருவரும் வீட்டுக்குள் கள்ளர்போல நுனிக்காலில் நடந்தோம். மத்தியானம் எழும்பி வந்தவர், "ஏன் எழுப்பேல்லை?" என்று கோபித்தார். பிறகு சமையலறையில் நின்றபடியே சோற்றுக் கோப்பையை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

"இருந்து சாப்பிடுங்கோ. ஆரும் பின்னாலை நிண்டு ஹோன் அடிக்கேல்லை" என்றேன்.

சிரித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்தோம். மிசிசாகாவில் ஒரு வீட்டு நாய் ஒவ்வொரு முறையும் அவருடைய இடது கையுறையை மட்டும் கேட்டு வாங்குவதைச் சொன்னார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்போது வாசலில் பெட்டி வைக்கும் சத்தம் கேட்டது. நான் கதவைத் திறந்தேன். தாடியெல்லாம் பனி ஒட்டிய ஓர் இளைஞர் எங்கள் கதவடியில் இருந்த பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கம்பனியின் அன்பளிப்பு: 'நாம் ஒரே குடும்பம்' என்று எழுதிய கோப்பிக் குவளைகள். என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி! நீரோ? உள்ளுக்கு வாரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

"இல்ல அண்ண, நேரமில்ல. உங்கட ரூட்டையும் எனக்குத்தான் சேத்துத் தந்திருக்காங்க."

நேற்று எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் கணவர்தான் என்பது அந்த மட்டக்களப்புப் பேச்சிலேயே தெரிந்தது; என் கணவரும் ஓம் என்று தலையாட்டினார். மனேஜர் தன் சொந்த அன்பளிப்பை யாருடைய வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. என் கணவர் சப்பாத்தை மாட்டத் தொடங்கினார்.

"இண்டைக்கு உங்களுக்கு லீவு" என்றேன்.

"தெரியும். இந்தச் சுத்துவட்டாரத்தை மட்டும் முடிச்சுக் குடுத்திட்டு வாறன்."

"அப்ப நானும் வாறன்" என்றாள் மகள். "நான் தானே கேட்டனான். இட்ஸ் மை ஃபோல்ட்."

"உன்ரை பிழை ஒண்டும் இல்லை. தொப்பியைப் போடு."

வீட்டில் தனியே இருந்து குவளைகளைப் பார்ப்பதற்கு எனக்கும் மனம் வரவில்லை. இளைஞர் வானை மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். பெட்டியை ஸ்கான் பண்ணி நீட்டினார். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு வாசலாக ஓடினோம். கம்பனிச் சட்டப்படி இதெல்லாம் பிழை. பனி தள்ளாத படிகளில் நான் இரண்டு தடவை வழுக்கினேன். ஒரு வீட்டில் கதவைத் திறந்த அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்து, "பிள்ளை, நீங்களும் உந்த வேலையோ?" என்று இரங்கினார். ஓம் என்றேன்.

வெளிச்சம் இருக்கும்போதே எங்கள் பக்கத்துத் தெருக்கள் எல்லாம் முடிந்துவிட்டன. இளைஞர், இனி மீதியை முடித்தால் பிள்ளை விழித்திருக்கும்போதே வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லி, என் கணவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் வந்து மேசையில் இருந்தோம். மகளின் மூக்கு சிவந்திருந்தது. விரல்களை மடக்க முடியாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எவ்ரி டே இவ்வளவோ?"

"சீ, இண்டைக்குக் குறைவு" என்றார் அவர். "நீங்களும் நிண்டனீங்களெல்லோ."

அவள் எழும்பிப் போய்ச் சோற்றைச் சூடாக்கினாள். தகப்பனுக்கு முதலில் போட்டாள்.